கூட்டத்தில் பதமான கொக்கி

1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11ஆம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணிக்கு, பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள ஹேமகூட கனெக்டர்ஸ் நிறுவனத்தின் முதல் மாடிக் கூட்ட அறையில், மனிதகுலம் அதுவரை அறிந்திராத ஓர் உண்மை கண்டறியப்பட்டது: பிளாஸ்டிக்கைத் திருத்துவதற்கு இயந்திரம் வேண்டியதில்லை, கூட்டம் போதும். நெருப்பைக் கண்டவர் பெயரையும் சக்கரத்தைச் செய்தவர் பெயரையும் வரலாறு கவனக்குறைவாகத் தவறவிட்டுவிட்டது. அத்தவறு மீண்டும் நேராதிருக்கும்பொருட்டு, இதனைக் கண்டறிந்தவர் அந்நிறுவனத்தின் பொதுமேலாளர் சுந்தரமூர்த்தி என்பது இங்கு முதலிலேயே பதிவுசெய்யப்படுகிறது.

அவ்வறையில் இருந்தவர்களுள் இக்கண்டுபிடிப்பைக் கேட்டு மகிழாதவர் ஒருவரே. அவர் வடிவமைப்புப் பொறியாளர் வனஜா. கண்டுபிடிப்புக்கு உள்ளான பொருளை வரைந்தவர் அவர்தாம். ஆகவே அவரிடம் நடுநிலையை எதிர்பார்ப்பதற்கில்லை.

பொருள் பெரியதன்று. அத்திபெலேயில் 'சிட்டு' என்ற பெயரில் மொபெட் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அந்த மொபெட்டின் முன்விளக்குக்கும் ஹாரனுக்கும் செல்லும் கம்பிகள் ஓரிடத்தில் சந்தித்தாக வேண்டும். அச்சந்திப்புக்கான இடம், கட்டைவிரலளவே உள்ள இரண்டு நைலான் கூடுகள். ஒன்று மற்றொன்றினுள் நுழையும். நுழைந்ததும், மேற்புறத்துச் சிறு கொக்கி 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். தொழிற்கூடத்தில் முதலாவதை 'மாப்பிள்ளை' என்றும் இரண்டாவதைப் 'பொண்ணு' என்றும் வழங்கினர். வரைபடத்தில் அவ்வாறு எழுதலாகாது என்று பொதுமேலாளர் தடை விதித்திருந்தார். அதனால் அப்பெயர்கள் இன்னும் நன்றாக நிலைத்தன.

இக்கூட்டை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் வனஜாவின் பணி நிரந்தரமாகும் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. அவருடைய 'ஓராண்டுத் தகுதிகாண் பருவம்' அப்போது மூன்றாம் ஆண்டில் நடந்துகொண்டிருந்தது. நிரந்தரப் பணியாளர்க்குக் கம்பெனி பஸ் உண்டு; மற்றவர்க்கு இல்லை. அல்சூரிலிருந்து நாள்தோறும் கணவர் கோவிந்தனின் மொபெட்டில் பின்னால் அமர்ந்து, ஓசூர் சாலையின் லாரிப் புகையை இலவசமாக உண்டு வருபவர்க்கு, அந்தப் பஸ்ஸின் ஜன்னலோர இருக்கை எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. கோவிந்தன் பொம்மசந்திராவில் ஸ்டோர் கீப்பர். அவருடைய மொபெட்டும் 'சிட்டு'தான்.

முதல் மாதிரி ஜூன் மாதத்தில் வந்தது. அத்திபெலேத் தொழிற்சாலையின் கொள்முதல் அதிகாரி முனிராஜ், தம் கட்டைவிரலைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"மேடம், உங்க மாப்பிள்ளை சொல்ப முரடு. எங்க லைன்ல பொண்ணுங்களுக்கெல்லாம் கட்டவெரல் வீங்கிப் போச்சு. நானும் சும்மா ஒண்ணு சொருகிப் பார்த்தேன். ஏன் பார்த்தோம்னு ஆயிடுச்சு."

குறை உண்மையானது, வனஜா அதை மறுக்கவில்லை. அன்று மாலைக்குள் வேறொரு கொக்கியை வரைந்துவிட்டார். நுழையும் பக்கம் நல்ல சரிவு. திரும்பும் பக்கம் செங்குத்துச் சுவர். உள்ளே போகும்போது சறுக்கிக்கொண்டு போகும். பிறகு விரலால் அழுத்தி விடுவித்தாலொழிய வெளியே வராது. இதற்கு, கூட்டை வார்க்கும் எஃகு அச்சைத் திறந்து ஒரு மூலையைச் சிறிது வெட்ட வேண்டும். அச்சுப் பிரிவின் தலைவர் ஓஸ்வால்ட், தம் பணிக்காலத்தில் எவர் சொல்லியும் அச்சைத் திறந்ததில்லை என்பதில் நியாயமான பெருமை கொண்டவர்.

"வெட்டிடலாம் மேடம். தாராளமா வெட்டிடலாம். ஒரு மீட்டிங் மட்டும் வெச்சிடுங்க" என்றார் ஓஸ்வால்ட்.

வைத்தனர். ஒன்று, பல ஆயிற்று.

இங்கே பொதுமேலாளரின் மேன்மை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அவர் அண்மையில்தான் சிங்கப்பூரில் 'உணர்வுத் தரம்' என்னும் கருத்தரங்கில் அமர்ந்துவிட்டுத் திரும்பியிருந்தார். அளவுகோலால் அறிவது தரமன்று. உள்ளங்கையால் அறிவதே தரம் என்பது அதன் சாரம். சாதாரண மேலாளர்கள் கூட்டம் நடக்கையில் பேனாவைத் திருகுவர், காது குடைவர். சுந்தரமூர்த்தி, ஜூனில் வந்த மாதிரிக் கூடுகளைக் கையில் எடுத்துக்கொள்வார். சொருகுவார், இழுப்பார், சொருகுவார். உற்பத்தி பற்றிய கூட்டத்திலும் சொருகினார். உணவகத்துச் சாம்பார் பற்றிய கூட்டத்திலும் சொருகினார். சுதந்திரப் பொன்விழாவுக்கு எத்தனை கொடிகள் வாங்குவது என்று ஆராய்ந்த கூட்டம் மாலைவரை நீண்டது. அன்று கொக்கி மிகுந்த முன்னேற்றம் கண்டது.

தொடக்கத்தில் அக்கூடுகளைப் பிரிக்க அவர் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. பின்னர் இரு கைகள் போதுமானவை ஆயின. ஆகஸ்ட் 11 அன்று, இரு விரல்களால் சொருகி, இரு விரல்களால் உருவினார். வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் இருந்தது. 'டக்' என்ற ஓசை எழவில்லை. சுந்தரமூர்த்தி அச்சுப் பிரிவின் தலைவர் பக்கம் திரும்பினார்.

"ஓஸ்வால்ட், அச்சுல என்ன பண்ணீங்க?"

"சத்தியமா ஒண்ணும் பண்ணல சார்."

"வனஜா, நீங்க?"

"நான் வரைஞ்சு குடுத்ததோட சரி சார். யாரும் தொடல."

"அதான்! யாரும் ஒண்ணும் பண்ணல. ஆனா சரியாயிடுச்சு. அப்போ இடையில நடந்தது என்ன?"

தரப் பிரிவின் தலைவர் ராஜேந்திரன், மேலதிகாரியின் கேள்வியிலேயே விடையைக் கண்டெடுக்கும் கலையில் தேர்ந்தவர். "மீட்டிங் சார்" என்றார்.

கைதட்டினர். வனஜா எழுந்தார்.

"சார், கொக்கி தேஞ்சு போச்சு சார். ரெண்டு மாசமா நீங்க சொருகிச் சொருகி எடுத்ததுல மொக்கையாயிடுச்சு."

"தேயலம்மா" என்றார் சுந்தரமூர்த்தி, குழந்தையிடம் பேசும் கனிவோடு. "பதமாயிருக்கு."

வனஜா மேற்கொண்டு விவாதிக்கவில்லை. இணைந்திருந்த கூடுகளைக் கம்பியைப் பிடித்துத் தூக்கி, மெல்ல ஓர் ஆட்டு ஆட்டினார். 'பொண்ணு' கையில் தங்க, 'மாப்பிள்ளை' மேசைமேல் விழுந்து உருண்டு பிஸ்கட் தட்டில் போய் நின்றது.

வேறொரு நிறுவனமாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு தயக்கம் ஏற்பட்டிருக்கும். சுந்தரமூர்த்தியின் முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா! கழட்டறதும் எவ்வளவு சுமுகம்! இதைக் கஸ்டமர் கேக்கவே இல்ல. நாமளா சேர்த்துக் குடுக்கறோம்."

ராஜேந்திரன் இதனைக் 'கூடுதல் பயன்' என்னும் தலைப்பில் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் முனிராஜ் வந்தார். சொருகினார், வலிக்கவில்லை, கண் கலங்கினார். மாதிரி ஏற்கப்பட்டது. ராஜேந்திரன் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அரக்கு முத்திரையிட்டு, இனி இந்நிறுவனத்தில் பிறக்கும் ஒவ்வொரு கூடும் இதனைப்போன்றே இருக்க வேண்டும் என்று அறிவித்தார். அன்று அப்பெட்டிக்குச் சாமந்திச் சரம் சாத்தினர்.

ஆனால், அச்சு கூட்டங்களில் கலந்துகொண்டதில்லை. ஆகவே அதிலிருந்து பிறந்த கூடுகள் முன்போலவே முரடாக இருந்தன. முதல் பெட்டியைத் திறந்து சொருகிப் பார்த்த ராஜேந்திரன், 'டக்' என்ற ஓசை கேட்டு அதிர்ந்தார்.

"மாதிரி மாதிரியே இல்ல சார்! மொத்தமும் ரிஜெக்ட்!"

"பதப்படாதது. பதப்படுத்தணும்" என்றார் சுந்தரமூர்த்தி.

இவ்வாறு 'இணக்கப் பிரிவு' தோன்றியது. நீண்ட மேசையின் இருபுறமும் பெண் தொழிலாளர்கள் அமர்ந்தனர். ஒவ்வொரு கூட்டையும் கொக்கியின் பிடிவாதம் தீரும்வரை சொருகி இழுத்தனர். அதற்கு யசோதா என்பவர் மேற்பார்வையாளர். அவர் வனஜாவிடம் தம் விரல்களைக் காட்டினார்.

"மேடம், நல்லா இருக்கற சாமானை நாங்க ஏன் மேடம் கெடுக்கறோம்? வீட்ல போய்ச் சொன்னா சிரிக்கறாங்க. சோறு பெசைய முடியல."

அத்திபெலேயில் வீங்கியிருந்த கட்டைவிரல்கள் வற்றின. எலெக்ட்ரானிக் சிட்டியில் வீங்கத் தொடங்கின. துன்பத்தை அழிக்க முடியாவிடினும் இடம் மாற்றலாம் என்பதே மேலாண்மையின் அடிப்படை.

மருத்துவ விடுப்புகள் பெருகியதும் செப்டம்பரில் மீண்டும் கூடினர். இம்முறை ஓஸ்வால்டே வழி சொன்னார்: தேய்ந்த கொக்கிக்கும் இல்லாத கொக்கிக்கும் என்ன வேறுபாடு? அச்சில் கொக்கிக்கான குழியை அடைத்துவிட்டால், கூடு பிறக்கும்போதே பதமாகப் பிறக்கும்.

"ஒரு மத்தியானம் போதும் சார். அச்சைத் திறந்து, அடைச்சு, மூடிடுவேன்."

"சரிவு வெட்டறதுக்கு மட்டும் ஏன் சார் திறக்க முடியல?" என்று வனஜா கேட்டார்.

"அது வெட்டறது மேடம். இது அடைக்கறது."

இந்த விளக்கத்திற்குமேல் விளக்கம் கேட்பது நாகரிகமன்று. வரைபட மாற்றத்தாளில் வடிவமைத்தவரின் கையெழுத்து மட்டும் வேண்டியிருந்தது. சுந்தரமூர்த்தி தம் பேனாவையே நீட்டினார்.

"போடும்மா. நாளைக்கே பர்மனென்ட் ஆர்டர் டைப் ஆகும். பஸ்ல உனக்கு எந்த சீட்டு வேணும்னு மட்டும் சொல்லு."

வனஜாவுக்கு அந்த ஜன்னல் ஒரு கணம் கண்ணில் தெரிந்தது, கண்ணாடிகூடத் துடைத்திருந்தது. அவர் பேனாவை வாங்கினார். மூடினார். "ஒரு தடவை வண்டியில மாட்டி ஓட்டிப் பார்த்துட்டுப் போடறேன் சார்" என்றார்.

நிறுவனத்தின் வரலாற்றில் எவரும் வைத்திராத கோரிக்கை அது. விந்தையாக இருந்ததால் அனுமதித்தனர்.

அன்று மாலை, நிறுவன வாயிலிலேயே கோவிந்தனின் மொபெட்டில் பதப்படுத்திய இணைப்பை மாட்டினர். பொம்மனஹள்ளிவரை விளக்கும் ஹாரனும் நிறுவனத்தின் நற்பெயரைக் காத்தன. அங்கே ஒரு பள்ளம். பள்ளத்துக்கு உணர்வுத் தரம் பற்றித் தெரியாது.

"இன்னா இது, லைட்டு பூட்ச்சு?" என்றார் கோவிந்தன்.

"ஹாரன் அடிங்க. பின்னால லாரி ஒட்டிக்கினு வருது."

"ஹாரனும் பூட்ச்சு. இன்னாத்த மாட்டின?"

"எங்க கம்பெனி சரக்குதான்."

"அதான பார்த்தேன்! பதமா கீதுன்னு சொல்லிக்கினே மாட்டுனாங்களே, அப்பவே உஷாராயிருக்கணும்!"

அதற்குமேல் பேச நேரமில்லை. முன்னே மணல் ஏற்றிய மாட்டுவண்டி, பின்னே லாரி, நடுவே இருட்டு. கோவிந்தன் தமிழில் "ஓரம்! ஓரம்!" என்றும், கன்னடத்தில் "பக்கக்கே ஹோகி!" என்றும், எஞ்சியவர்களுக்காக "ஹட்டோ! ஹட்டோ!" என்றும் தம் தொண்டையையே ஹாரனாக்கி முழங்கினார். லாரி மும்மொழியையும் மதிக்கவில்லை. உரசிக்கொண்டு போயிற்று. மொபெட் சாலையோர மணலில் சாய்ந்தது. கோவிந்தனுக்கு முழங்கை உரிந்தது. வனஜாவுக்குப் புடவை கிழிந்தது. லாரி இன்னும் ஒரு சாண் உள்ளே வந்திருந்தால் இக்கதையை எழுதும் தேவையே நேர்ந்திராது.

"நீ கையெழுத்துப் போட்டியா?" என்றார் கோவிந்தன், மணலைத் தட்டியவாறே.

"இன்னும் இல்ல."

"போட்டா பஸ்ஸு. போடலன்னா இதே வண்டி. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

கோவிந்தன் கழன்று தொங்கிய இரு கூடுகளையும் ஒன்றாகச் சேர்த்து, தம் கைக்குட்டையால் இறுகக் கட்டினார். "நீ பஸ்ல பூடுவ. நான் இதுலதான் போவணும்" என்றார். குரலில் கோபமில்லை, அதுதான் வனஜாவுக்குப் பொறுக்க முடியாதிருந்தது.

மறுநாள் இறுதிக்கூட்டம். ஆலோசனைக்கு முனிராஜையும் அழைத்திருந்தனர். வனஜா நடந்ததைச் சொன்னார்.

"ரோடு எப்படி இருந்தது?" என்று கேட்டார் சுந்தரமூர்த்தி.

"குண்டும் குழியுமா இருந்தது சார்."

"அப்போ தப்பு கனெக்டர் மேல இல்லையே!"

"எங்க டெஸ்ட் எல்லாம் ஃபேக்டரிக்குள்ளதான் சார்" என்றார் முனிராஜ். "அங்க ரோடு சூப்பரா இருக்கும். ஒண்ணும் கழண்டதில்ல."

"என் வீட்டுக்காரர் ஃபேக்டரிக்குள்ள ஓட்டறதில்ல சார். எனக்குப் பஸ் வேணும்தான். அதுக்காக இதுல கையெழுத்துப் போட மாட்டேன். கொக்கி இல்லாம அனுப்பினீங்கன்னா யாராவது அடிபட்டுச் சாவாங்க."

மேசையில் எவரும் முகம் சுளிக்கவில்லை. ஹேமகூடத்தில் எதுவும் 'டக்' என்று நிற்பதில்லை. சுந்தரமூர்த்தி தலையசைத்து, வனஜாவின் அக்கறையைப் பாராட்டி, தேநீர் வரவழைத்தார். பின்னர் விதிகளை வாசிக்கும்படி ராஜேந்திரனைப் பணித்தார். தகுதிகாண் பருவத்தினரின் கையெழுத்து 'விரும்பத்தக்கது; ஆயினும் கட்டாயமன்று' என்பது தேநீர் ஆறுவதற்குள் தெளிவாயிற்று.

இறுதியில் முடிவானவை வருமாறு. கொக்கி நீக்கப்படும். மாற்றத்தாளில் வனஜாவுக்குப் பதிலாக ராஜேந்திரன் கையெழுத்திடுவார். இணைப்பு கழலுவதாகக் கருதும் வாடிக்கையாளர்கள் தம் சொந்தப் பொறுப்பில் டேப் சுற்றிக்கொள்ளலாம். அந்த டேப்பின் நிறத்தைப் பரிந்துரைக்க வனஜாவின் தலைமையில் குழு அமைக்கப்படும். நிறுவனம் சொன்ன சொல் தவறாது என்பதால் வனஜாவின் பணி நிரந்தரமாக்கப்படும். அவ்வாணை கூட்டம் கலைந்த மறுநிமிடத்திலிருந்து நடைமுறைக்கு வரும். ஆகவே கூட்டத்தின்போது அவர் தெரிவித்த மறுப்பு, வாக்குரிமை இல்லாத தகுதிகாண் பருவத்தவரின் மறுப்பாகையால், குறிப்பில் இடம்பெறாது. வாக்குரிமை உள்ளவர்கள் அனைவரும் கையுயர்த்தினர். அவர்களுள் மொபெட்டில் வீடு திரும்புபவர் ஒருவரும் இல்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.