மடத்து வயல் காசும் ஒரு ஜாடி வெங்காய ஊறுகாயும்

லிட்டில் தோர்ன்ஹோ, நார்ஃபோக்
ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா வினிஃப்ரெட்டுக்கு,

தம்பி ஹோரஸ் எழுதுவது. அங்கே நீயும் உன் முழங்காலும் சௌக்கியமா? இங்கே என் வீட்டுக்காரி டோரீன் சௌக்கியம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் போன வாரத்திலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. இத்துடன் ஒரு ஜாடி வெங்காய ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து நன்றி என்று எழுதிவிடாதே. அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு என்னால் காலை டீ குடிக்க முடியவில்லை, அதனால்தான் அனுப்புகிறேன்.

ரிடையர் ஆனதிலிருந்து அந்த மெட்டல் டிடெக்டரை ஆட்டிக்கொண்டு இந்த ஊர் வயல் ஒன்றையும் நான் விட்டுவைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். கிடைத்ததெல்லாம் பீர் டப்பா மூடியும், லாட ஆணியும், டிராக்டரிலிருந்து கழன்ற நட்டும்தான். நான் என்ன புதையலா கேட்டேன்? நிஜமான பழங்காசு ஒன்றே ஒன்று, அதன் பக்கத்தில் 'கண்டெடுத்தவர் ஹோரஸ்' என்று மாவட்ட மியூசியத்தில் ஒரு சின்னச் சீட்டு. இது பேராசையா, நீயே சொல்.

பார்லி அறுப்பு முடிந்ததும் இடிந்த மடத்தை ஒட்டிய வயலில் சர்ச் கூரை நிதிக்காக வருடாவருடம் போட்டி வைப்பார்களே, அதில்தான் வந்தது வினை. பழங்காசு மாதிரியே செய்த போலிகளைக் கமிட்டிக்காரர்கள் முன்கூட்டியே வயலில் புதைத்துவைப்பார்கள். நாங்கள் தோண்டி எடுத்துக்கொண்டுபோய்ப் பாதிரியார் மனைவி பெரில் அம்மாளிடம் கொடுத்தால், அதைப் புட்டிங் கிண்ணத்தில் போட்டுவிட்டு மேஜையிலிருந்து ஒரு பரிசு தருவார். போன வருடம் அப்படி ஒரு போலியை எடுத்துவிட்டு, நான் தொப்பியைத் தூக்கி எறிந்து, வயல் நடுவே ஆட்டம் போட்டு, பழம்பொருள் அதிகாரி இமோஜனை டவுனிலிருந்து வரவழைத்தேன். அந்தப் பெண் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், பின்னாடி கம்பெனி பேர் இருக்கு" என்றாள். அன்றிலிருந்து பக்கத்து வீட்டு கிளிஃபர்ட் என் பெயரையே மறந்துவிட்டான். பப்பில் தலையைக் காட்டினால் போதும், "வாய்யா பொக்கிஷம், உக்காரு பொக்கிஷம்!"

ஆகையால் இந்த வருடம் ஏமாறுவதில்லை என்று சபதம் செய்துகொண்டு போனேன். மழைத் தூறலில் டிடெக்டர் கத்தியது, தோண்டினேன், மெல்லிசாக ஒரு வெள்ளிக்காசு, கோணல் சிலுவை, ஒரு ராஜா மூஞ்சி, பாக்கெட்டில் கைக்கு அகப்பட்டதை எடுத்துச் சேற்றைச் சுரண்டிக் கம்பெனி பேரைத் தேடினேன், காணோம், சரி, இந்தத் தடவை செய்தவன் கெட்டிக்காரன் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டு, குழியை மூடி மண்ணைப் படியவைத்துவிட்டு (குழி மூடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, எங்கள் டிடெக்டர் கிளப்பில் எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்), பெரில் அம்மாளிடம் போய், "இந்தாங்கம்மா, உங்க பொம்மைக் காசு" என்று கண்ணைச் சிமிட்டிக் கொடுத்தேன். ஊறுகாய் ஜாடியைக் கொடுத்தார்.

சாயங்காலம் கேக் சாப்பிட வந்த இமோஜன் சும்மா அந்தக் கிண்ணத்தைக் கிளறினாள். கையிலிருந்த கேக் கீழே விழுந்தது.

"இது போலி இல்லை! எண்ணூறு வருஷத்துக் காசு. யார் எடுத்தது?"

"நான்!" என்று கத்தினேன். வயலில் இருந்த அத்தனை பேரும் கத்தினார்கள்.

"சரி, எடுத்த இடத்தைக் காட்டுங்க."

அவனவன் தன் குழியைக் காட்டினான். என்னால்தான் முடியவில்லை அக்கா. மழையில் குனிந்து குனிந்து தேடினேன், நான் மூடிய குழி எனக்கே தெரியவில்லை. பெரில் அம்மாளைக் கேட்டால், "எல்லாம் வட்டமாத்தான்ப்பா இருந்துச்சு, நான் என்னத்தைக் கண்டேன்?" என்கிறார். கடைசியில் மியூசியச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'கண்டெடுத்தவர்: தெரியவில்லை. கிடைத்த இடம்: புட்டிங் கிண்ணம்.' வீட்டுக்கு வந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

டோரீனிடம் ஆறுதல் தேடினால், "காசு கிடக்கட்டும், பின்கதவுச் சாவியை எங்க தொலைச்ச? அன்னையிலேருந்து துணிக்கூடையைத் தூக்கிக்கிட்டு ஊரைச் சுத்திப் போயிட்டிருக்கேன்" என்கிறாள். யாருக்கு எது கவலை பார்.

போதும் அக்கா, கும்பிடு போட்டுவிட்டேன். நேற்று டிடெக்டரைக் கிளிஃபர்ட் கையிலேயே திணித்து, "எடுத்துட்டுப் போய்யா, இனி நீயே பொக்கிஷம்" என்று சொல்லிவிட்டேன். இனி தோட்டத்தில் லீக்ஸ் வெங்காயத்தாள் பயிரிட்டு மனிதனாக வாழப்போகிறேன்.

ஆண்டவர் உன் முழங்காலைத் திடப்படுத்துவாராக. அத்தானுக்கு என் வணக்கம், பூனைக்கு என் அன்பு.

உன் பிரியமுள்ள தம்பி,
ஹோரஸ்

பி.கு.: பார்சலை ஒட்டிக்கொண்டிருந்தேன், பின்கதவு திறந்தது. சாவியோடு கிளிஃபர்ட் நிற்கிறான். "காலைல மடத்து வயல்ல உன் டிடெக்டர்ல கிடைச்சுது. உங்க வீட்டுதோன்னு போட்டுப் பாத்தேன்." டோரீன் அவனை உட்காரவைத்து டீ ஊற்றுகிறாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, அக்கா! அன்று காசைச் சுரண்டியது அந்தச் சாவியால்தான். அதையும் உள்ளே போட்டுத்தான் குழியை மூடியிருக்கிறேன். "எந்த இடம்யா?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன். "யாருக்குத் தெரியும்? நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே மூடிட்டேன். மடத்துச் சாமியாரே எழுந்து வந்தாலும் தெரியாது. சாவிக்கு அடியில இன்னும் பலமா சத்தம் கேட்டுச்சு, லாட ஆணியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்கிறான் பாவி. டிடெக்டரைத் திருப்பிக் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்தவன் கண் ஜாடியில் நின்றது. நான் டிடெக்டரோடு வயலுக்குக் கிளம்பிவிட்டேன். ஊறுகாய் வராது, அக்கா.