ஆண்டோவுக்கு வந்த அம்மை

அன்று சாயங்காலம் ஜெயராணி வீட்டு முன்னறையில் இருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு: சன்னலோரம் வீட்டின் ஒரே நல்ல நாற்காலியில் ராயம்மாள்; தையல் மிஷினுக்கு முன்னால், ஜெயராணி உட்கார வேண்டிய ஸ்டூலில் கலைமதி; வெட்டி அடுக்கியிருந்த ரவிக்கைத் துணிகளின் மேல், அவை ரவிக்கைகள் என்ற எண்ணமே இல்லாமல், அங்கன்வாடி டீச்சர் அன்பரசி. வீட்டுக்காரிக்கு இடம் மிஞ்சவில்லை. அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்கு ஜெயா நின்னுக்கிட்டே இருக்க? உட்காரு," என்றாள் ராயம்மாள்.

"எங்கக்கா உட்கார்றது?"

"பாத்தியா, மனசுல கவலை இருந்தா இப்படித்தான். உட்காரவே தோணாது," என்று ராயம்மாள் மற்ற இருவரையும் பார்த்துச் சொன்னாள். இருவரும் தலையாட்டினார்கள்.

ஜெயராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரைக் கோபித்துக்கொள்வது? எல்லாம் அவளே போட்ட விதி.

பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் அரூர்ப் பக்கம் பல உண்டு. கடற்படைக்கு அனுப்பியவர்கள் என்று ஜெயராணிக்குத் தெரிந்து இந்த நான்கு பேர்தான். ராயம்மாளின் மகன் அருள்குமார், கலைமதியின் மகன் நவநீதன், அன்பரசியின் மகள் கவிப்பிரியா, ஜெயராணியின் மகன் ஆண்டோ. நால்வரும் வெவ்வேறு கப்பல். நான்கு தாய்மாரில் மூவர் கடலையே பார்த்ததில்லை. அன்பரசி ஒருமுறை ராமேஸ்வரம் போனவள். அதனால் கடல் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் அவள்தான் அதிகாரி.

கப்பல் கடலுக்குள் போய்விட்டால் போன் கிடையாது. கரைக்கு வந்தால் முதலில் போன் வரும், அடுத்து பார்சல் வரும். அதுவரை தாய் என்ன செய்வாள்? முதல் தடவை ராயம்மாள் சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டாள். அப்போதுதான் ஜெயராணி சங்கம் ஒன்று ஆரம்பித்து, எதையும் முறையாகச் செய்கிறவள் என்பதால், விதிகளும் எழுதினாள்.

ஒன்று: போன் வராத வீட்டில் தாயைத் தனியே விடக் கூடாது, போன் வரும்வரை தினமும் போய் உட்கார வேண்டும். இரண்டு: "கவலைப்படாதே" என்று யாரும் சொல்லக் கூடாது. மூன்று: போன் வராத வீட்டில், போன் வந்தவள் போனைப் பற்றியும் பார்சலைப் பற்றியும் வாயே திறக்கக் கூடாது. இந்த மூன்றாவது, ராயம்மாள் அழுதுகொண்டிருந்த நேரத்தில் அவள் வீட்டில் உட்கார்ந்தே கலைமதி தன் மகனோடு வீடியோவில் மீன் குழம்பு பற்றிப் பேசியதற்காகச் சேர்க்கப்பட்டது.

இந்த முறை நான்கு கப்பலும் ஒரே சமயத்தில் கிளம்பியிருந்தன. ஆண்டோதான் கடைசியாகப் பேசி ரொம்ப நாளானவன். ஆகவே முறைப்படி ஜெயராணி வீட்டில் உட்கார்ந்தார்கள்.

ஜெயராணிக்குப் பயம் ஒன்றும் இல்லை. அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னாள். கோயில் திருவிழாவுக்குத் தைக்க வேண்டிய ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. வீட்டுக்காரர் ஜோசப் ராஜ் ஓசூர் கம்பெனியில். வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். தைக்க வேண்டிய நேரத்தில் ஸ்டூலில் கலைமதி இருந்தாள். தக்காளி மண்டிக்காரியான அவளுடைய போன் ஓயாமல் அலறியது. ஒவ்வொரு அலறலுக்கும் மூவரும் "ஆண்டோ!" என்று எழுந்தார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ பாலக்கோட்டிலிருந்து தக்காளி விலை கேட்டான்.

"இன்னைக்கு நல்ல வெலைக்கா," என்று கலைமதி ஆறுதலாகச் சொன்னாள்.

மறுநாள் அவர்கள் வரும்போது ஜெயராணி வாசலிலேயே நின்றாள். இரவெல்லாம் யோசித்து எடுத்த முடிவு.

"ஆண்டோ பேசிட்டான்!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கைதட்டல்கூட இல்லை.

"எப்போ?" என்றாள் அன்பரசி.

"மத்தியானம். நல்லா இருக்கானாம். சாப்பிட்டானாம். கப்பல் கரைக்கு வந்துடுச்சாம். நீங்கல்லாம் நிம்மதியா வூட்டுக்குப் போங்க."

ராயம்மாள் உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து முகத்தில் வைத்தாள்.

"ஒண்ணாத்தானே போச்சுங்க எல்லாம்? ஆண்டோ கப்பல் வந்துச்சுன்னா என் அருளு கப்பல் எங்க போச்சு? எனக்கு இன்னும் ஒரு போனு வரலையே!"

அன்பரசி அங்கன்வாடிப் பிள்ளைகளை அதட்டும் குரலில், "ஜெயராணி, விதி ஒண்ணு என்ன?" என்றாள்.

"போன் வராத வீட்டுல தாயைத் தனியா வுடக் கூடாது," என்றாள் ஜெயராணி. சொல்லும்போதே மனசு குதித்தது. ராயம்மாளின் வீடு ஊருக்கு வெளியே மரவள்ளிக் காட்டுக்குள் இருந்தது. எல்லாரும் அங்கே போய்விடுவார்கள். "வாங்கக்கா, உங்க வூட்டுக்கே போயிடலாம்."

"என் வூட்ல ஓடு மாத்தறாங்க. உட்கார எடமில்லை. நான் இங்கயே இருந்துக்கறேன்."

"இங்கயா?"

"ஆடு ஒண்ணு சினையா இருக்குது. அதையும் தனியா வுட முடியாது."

மறுநாளிலிருந்து ராயம்மாள் விடிந்ததும் வந்தாள். ஆடும் வந்தது. ஆட்டுக்குத் தையல்கடை பிடித்துப்போயிற்று. முதல் நாள் ஒரு கஜம் லேஸ். இரண்டாம் நாள் இஞ்சு டேப். அது டேப்பின் நுனியிலிருந்து நிதானமாக உள்ளே இழுத்துக்கொண்டதை, அளவெடுக்க நின்றிருந்த பெண் வேடிக்கை பார்த்தாளே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ராயம்மாள் அழுகையை நிறுத்தினால்தான் ஆடு போகும். அழுகையை நிறுத்த ஒரே வழி, ஆண்டோ கப்பலும் வரவில்லை என்று சொல்வது. ஆனால் ஆண்டோ பேசியாயிற்றே!

"ராயம்மாக்கா, நான் முழுசாச் சொல்லலை. கப்பல் எதுவும் வரலை. ஆண்டோவை மட்டும் கரையில எறக்கி வுட்டிருக்காங்க."

"ஏன்?"

ஜெயராணி இதற்கு மேல் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. "அம்மை."

அன்பரசி எழுந்து நின்றாள். "அம்மா வந்திருக்காங்களா! இதையா மறைச்சே?"

"ரெண்டு மூணு கொப்புளந்தான் டீச்சர்..."

"எண்ணாதே! எண்ணக் கூடாது!"

ரவிக்கைத் துணியை மிதித்துக்கொண்டு வெளியே போன அன்பரசி, கை நிறைய வேப்பங்கொத்தோடு திரும்பி வந்தாள்.

"டீச்சர், நாங்க வேதக்காரங்க," என்றாள் ஜெயராணி பரிதாபமாக.

"நானுந்தான் வேதக்காரி," என்றாள் ராயம்மாள். "டீச்சர் வேப்பிலை கட்டட்டும், நான் செபமாலை சொல்றேன். ரெண்டும் இருக்கட்டுமே. புள்ளை உசுரு."

வாசல் நிலையில் வேப்பிலை ஏறியது. வீட்டில் தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. கலைமதி மண்டியிலிருந்து நேராக ஒரு தூக்கு கேழ்வரகுக் கூழோடு வந்தாள். "ஆண்டோ அங்க குடிக்க முடியாதில்லக்கா. அவனுக்குப் பதிலா நீ குடி." ஜெயராணி குடித்தாள். மறுநாளும் குடித்தாள்.

வேப்பிலையைப் பார்த்த வாடிக்கைக்காரர்கள் தெருவோடு நின்றுவிட்டார்கள். ரவிக்கை வாங்க வந்த கல்யாணப் பெண்ணின் அம்மா, சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

"அம்மா வந்திருக்காங்களாங்க? தண்ணி ஊத்தினப்புறம் வர்றேன்."

"அம்மை இங்க இல்லைங்க! விசாகப்பட்டினத்துல!"

"எங்க வந்தா என்னங்க, தாய் வூடு இதுதானே," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நாற்காலியில் ராயம்மாள், ஸ்டூலில் கலைமதி, துணியில் அன்பரசி, மூலையில் ஆடு. வியாபாரம் படுத்துவிட்டது. வாயில் கூழ்வாசனை போகவில்லை. ஜெயராணி கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்தவள். ஒரு பொய்க்கு இவ்வளவு தண்டனை உண்டென்று அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

ஒரு காலையில் அவள் எழுந்து வந்தபோது வாசலில் வேப்பிலை இல்லை. சீக்கிரமே வந்துவிட்ட ராயம்மாளின் ஆடு கடைசிக் கொத்தை மென்றுகொண்டிருந்தது. ஜெயராணிக்கு ஆட்டின் மேல் முதன்முறையாகப் பாசம் வந்தது.

"டீச்சர்! வேப்பிலை தானா எறங்கிடுச்சு. அம்மையும் எறங்கிடுச்சுன்னு அர்த்தம். ஆண்டோகூடக் காலையில போன் பண்ணினான். தண்ணி ஊத்திட்டாங்களாம்!"

"அப்படியா?" என்றாள் அன்பரசி. மறுபடியும் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கலைமதிதான் ஆரம்பித்தாள். "அப்ப லீவு குடுக்கணுமே? எங்க மண்டிக் கணக்குப்புள்ளைக்கு அம்மை போட்டப்ப நானே லீவு குடுத்தேன். கப்பல்காரங்களுக்கு அந்த எரக்கம் வேண்டாமா?"

"கேப்டனுக்கு ஒரு லெட்டர் போட்ருவோம்," என்றாள் ராயம்மாள். "நாலு தாயும் கையெழுத்துப் போட்டா மறுப்பாங்களா?"

தெருவிளக்கிலிருந்து குடிநீர்க் குழாய் வரை அந்தத் தெருவின் மனுக்களையெல்லாம் எழுதுகிறவள் ஜெயராணிதான். கடிதம் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கப்பலில் இருக்கிற ஆண்டோவைக் கேப்டன் கூப்பிடுவார். உனக்கு எங்கே அம்மை, சட்டையைக் கழற்று என்பார். கப்பலே கூடிச் சிரிக்கும். அப்புறம் அவன் எந்தக் காலத்திலும் வீட்டுக்குப் பேச மாட்டான்.

"அட்ரஸ் தெரியாதே."

"கப்பல் பேரைப் போட்டு, ப்ளீட் மெயில் ஆபீஸ், விசாகப்பட்டினம்னு எழுதினாப் போதும்," என்றாள் அன்பரசி. "என் பொண்ணுக்கு அப்படித்தான் போடறேன்."

"இங்கிலீஷ்ல எழுதணும். எனக்கு வராது."

"தமிழ்லயே எழுது. கேப்டனுக்குப் புரியலைன்னா ஆண்டோவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லட்டும்," என்றாள் ராயம்மாள்.

கலைமதி எழுந்து ஸ்டூலைத் தள்ளினாள். இத்தனை நாளைக்குப் பிறகு ஜெயராணிக்குத் தன் ஸ்டூலில் உட்காரக் கிடைத்தது. அதுவும் இதற்காக.

அனுப்புநர் எழுதினாள். பெறுநர் எழுதினாள். ஐயா, என்று எழுதிக் காற்புள்ளி வைத்தாள். பொருள் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அந்த வார்த்தைக்குக் கீழே அவள் இதுவரை பொய் எழுதியதில்லை. எரியாத விளக்கை எரியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறாள். வராத தண்ணீரை வரவில்லை என்றுதான் எழுதியிருக்கிறாள். வராத போனை வந்தது என்று எப்படி எழுதுவது?

பிறகு கை வேகமாக ஓடியது.

"முடிச்சுட்டியா? படி," என்றாள் ராயம்மாள்.

ஜெயராணி தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததை எல்லாம் வாசித்தாள். அம்மை கண்டு மெலிந்துபோன மகன், பத்தியச் சாப்பாடு, தாயின் கண்ணீர், தக்க விடுப்பு, இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள. நல்ல தமிழ். கலைமதி மூக்கைச் சிந்தினாள்.

தாளில் எழுதியிருந்தது வேறு:

"பொருள்: என் மகன் ஆண்டோ வீட்டுக்குப் பேசுவது தொடர்பாக. ஐயா, என் மகன் பேசி நாளாகிவிட்டது. எனக்குப் பயம் இல்லை என்று இங்கே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். தங்களிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. கப்பல் கரைக்கு வந்ததும் ஒரு நிமிடம் பேசச் சொல்லவும். நேரம் இல்லையென்றால் பரவாயில்லை. அவன் அம்மா தனியாக இல்லை என்று மட்டும் அவனிடம் சொல்லவும். தனியாக இருக்க இங்கே யாரும் விடுவதில்லை."

ஜெயராணி காட்டிய இடத்தில் ராயம்மாள் கையெழுத்துப் போட்டாள். கலைமதி பில் புத்தகத்தில் போடுவதுபோல் ஒரு சுழி சுழித்தாள். அன்பரசி மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அன்பரசியின் கண்கள் தாளின் மேலிருந்து கீழ்வரை போயின. கண்ணாடியைக் கழற்றினாள், சேலையில் துடைத்தாள், மறுபடி மாட்டினாள். பிறகு குண்டு குண்டாகத் தன் பெயரை எழுதினாள்.

"கையெழுத்து நல்லா இருக்குது உனக்கு," என்றாள்.

நால்வருமே தபாலாபீசுக்குக் கிளம்பினார்கள். ஆடும் வந்தது, அதை வெளியே போர்டுக் கம்பத்தில் கட்டினார்கள். கவுண்டரில் மாதவராஜ் என்ற புது ஆள் இருந்தான். தருமபுரியிலிருந்து மாற்றலாகி வந்தவன். ஜெயராணியை அவனுக்குத் தெரியாது. கவுண்டரில் இருந்த பசை காய்ந்து கட்டையாகக் கிடந்தது. இதெல்லாம் தெரிந்தவளாகையால் ஜெயராணி முந்தானையில் சோற்றுப் பருக்கை முடிந்து வந்திருந்தாள். யாரும் பிரித்துப் படித்துவிட முடியாதபடி ஓரத்துக்கு ஓரம் நசுக்கி ஒட்டினாள்.

மாதவராஜ் கவரை எடை போட்டான், தபால்தலை ஒட்டினான், அனுப்புநர் பெயரைப் பார்க்காமலே படார் படார் என்று முத்திரை குத்தி விசாகப்பட்டினம் பையில் எறிந்தான்.

'போயிற்று' என்று ஜெயராணி மூச்சு விட்டபோது, அவன் அவளைத் தாண்டிப் பின்னால் நின்ற மூவரையும் நிமிர்ந்து பார்த்தான்.

"உங்க மூணு பேரு புள்ளைங்களும் கரை எறங்கி அனுப்புன பார்சலு அலமாரியிலயே கெடக்குதுங்க, ஆண்டோ கப்பல் மட்டும் இன்னும் கடல்ல இருக்குது, அவங்கம்மாவுக்கு போன் வர்ற வரைக்கும் வெளிய எடுக்காதேன்னீங்களே, இதுக்கு மேல வெக்கறதுக்கு எங்க ஆபீசுல விதி இல்லீங்க!"