சின்ன ராணி கொடுத்த பால்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் தப்பில்லை. ஒரு கிளாஸ் பாலில் ஒரு குடும்பமே கவிழப் பார்த்த கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். ஆனால் அந்தத் தையல்காரியைப் பார்த்து மட்டும் ரொம்பச் சிரித்துவிடாதீர்கள், அவள் பட்டது போதும்.

"அக்கா, பால்" என்று சின்னவள் கிளாஸை நீட்டினாள்.

தையல்காரி மிஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை. "வெச்சிட்டுப் போ. ஆறட்டும்."

"சூடா குடிச்சாதான்க்கா உடம்புல ஒட்டும்."

தையல்காரியின் கால் நின்றுவிட்டது. இதே வார்த்தையைத்தான் அன்று மத்தியானம் படித்திருந்தாள். கதையில் இளைய ராணி பொற்கிண்ணத்தை நீட்டி, மூத்த ராணியிடம் சொன்னது. கிண்ணத்தில் இருந்தது விஷம்.

சின்னவள் அவளுக்கு ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. மருந்துக்கடையில் வேலை. தையல்காரியின் வீட்டுக்காரர் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டு பாதி நாள் வெளியூரில் இருப்பவர். ஆக வீட்டில் எந்நேரமும் இருப்பது முன்னறைத் தையல் மிஷினும், அவளும், காது மந்தமான மாமனாரும்தான்.

கதைப் புத்தகம் அவள் வாங்குவது தெருமுனை வாடகை நூலகத்தில். வெளியே 'தையல் பாடம்' என்று அட்டை போட்டிருப்பாள். ஏனென்றால் சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில், கையில் ஒரு தொடர்கதையோடு உட்கார்ந்திருந்தபோது, "கதை படிக்கிற வீடு உருப்படுமா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டவள் இந்தத் தையல்காரிதான். சின்னவள் அன்றைக்கு மூடிய புத்தகத்தை யார் கண்ணிலும் படும்படி திறந்ததில்லை. கேட்டவளுக்கோ இப்போது ராணிக் கதை இல்லாமல் சோறு இறங்குவதில்லை. அந்த வெட்கம் வேறு.

முதல் பாகம், மூத்த ராணி கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோகும் இடத்தில் முடிந்திருந்தது. ஓடிப் போய் அடுத்த பாகம் கேட்டாள்.

"வெளிய போயிருக்கும்மா. வந்ததும் எடுத்து வைக்கிறேன்" என்றார் நூலகக்காரர்.

அன்றிலிருந்து பாதிக் கதையை அவளே முடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். சின்னவளுக்கு எதற்குத் திடீரென்று இந்தக் கரிசனம்? போதாக்குறைக்கு, இவள் ஆசை ஆசையாகத் தைத்து, கழுத்தைச் சுற்றிப் பூவேலை செய்து கொடுத்த பட்டு ரவிக்கையை அவள் விரல் நுனியால் வாங்கினாளே! வாங்கியதும் தண்ணீரில் முக்கிக் கொடியில் போட்டாள். காய்ந்ததும் மறுபடி முக்கினாள்.

"புதுப் பட்டை எதுக்குத் துவைக்கிறே?"

"சும்மாதான்க்கா. அப்புறமா போட்டுக்கறேன்."

போடவே இல்லை. பெட்டிக்கு அடியில் போய்விட்டது. 'என் கை பட்டதையே கழுவுகிறாள்' என்று தையல்காரிக்கு மனசு சுருக்கென்றது.

"அந்தப்புரத்துல யாரையும் நம்ப முடியாது" என்று தனக்குள் முணுமுணுத்தாள்.

"எந்தப் புறத்துல?" என்றார் மாமனார்.

"அந்தப்புரம் மாமா."

அவர் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டைப் பார்த்த ஜன்னலைச் சாத்தினார். "எனக்கும் அவங்க மேல ரொம்ப நாளா ஒரு இதுதான்" என்றபடி திரும்பி வந்து உட்கார்ந்தார்.

தினமும் வந்த பாலை அவள் பூந்தொட்டியில் ஊற்றினாள். ஊற்ற ஊற்றத் தொட்டி புளித்து நாறியது. எறும்பு வரிசை கட்டியது.

"யாரு செடிக்குப் பால் வார்க்கிறது?" என்று மாமனார் வீடு அதிரக் கேட்டார்.

சின்னவள் முகம் சுருங்கிவிட்டது. "பிடிக்கலையாக்கா? சொல்லியிருக்கலாமே. நாளைலேருந்து நான் பக்கத்துலயே உட்கார்ந்து குடிக்க வைக்கிறேன்."

இது என்னடா வம்பு என்று, மறுநாள் சின்னவள் வருவதற்கு முன்பே தையல்காரி அடுக்களையை எட்டிப் பார்த்தாள். சின்னவள் மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பியபடி, ஏதோ வெள்ளைப் பொடியை அரைத்துக்கொண்டிருந்தாள். பாலில் ஒரு கரண்டி போட்டாள். கையை சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினாள்.

அன்றைக்குச் சின்னவள் கடைக்குப் போகிற அவசரத்தில் உட்காராமல் கொடுத்துவிட்டுப் போன பாலை மிஷின் மேல் வைத்துவிட்டு, அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாளை வாசலில் நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள் தையல்காரி. திரும்பினால் கிளாஸ் காலி. மாமனார் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ருசியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவள் ஒரு தையல் போடவில்லை. கட்டில் பக்கத்தில் குந்திக்கொண்டு அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். இறங்கிய நெஞ்சு ஏறச் சற்றே தாமதமானதும் மூக்கருகே விரலை வைத்தாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"என்னம்மா, இன்னும் இருக்கேனான்னு பார்க்கிறியா?"

அந்தக் கணமே தரை பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு. "கொசு மாமா" என்றாள்.

மாலையில் மாமனார் சின்னவளிடம், "எனக்கும் அந்தப் பால் ஒரு கிளாஸ் குடும்மா" என்று கேட்டார்.

"ஐயோ, அதை நீங்க குடிக்கவே கூடாது மாமா. அது அக்காவுக்குன்னே போட்டது."

அவருக்குச் சர்க்கரை வியாதி, பாலில் இனிப்பு தூக்கல். நமக்குப் புரிகிறது. பாதி ராணிக் கதையைத் தலையில் சுமந்துகொண்டிருந்தவளுக்கு எப்படிப் புரியும்?

சொன்னபடியே மறுநாள் சின்னவள் தனக்கும் ஒரு கிளாஸ் பால் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து குடிப்போம்க்கா."

வாசலில் யாரோ கூப்பிட, சின்னவள் எழுந்து போனாள். தையல்காரியின் கை தானாக நகர்ந்தது. இந்தக் கிளாஸ் அந்தப் பக்கம், அந்தக் கிளாஸ் இந்தப் பக்கம். குற்றமற்றவள் என்றால் ஒன்றும் ஆகாது, அவ்வளவுதானே என்று தனக்கே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

சின்னவள் வந்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்தாள். கிளாஸை உற்றுப் பார்த்தாள். பேச வாயெடுத்தவளுக்கு உதடு தடித்துவிட்டது. கன்னம் உப்பியது, கண் சுருங்கியது, மூச்சு விசில் அடித்தது.

கொழுந்தன் ஓடி வந்து மனைவியை வண்டியில் தூக்கிப் போட்டான். தையல்காரி மருத்துவமனை வரை அழுதுகொண்டே போய், டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ குடிச்சது விஷம் டாக்டர். எப்படியாவது காப்பாத்துங்க."

டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "விஷமெல்லாம் இல்லைம்மா. பாதாம்னு இவங்களே எழுதிக் காட்டினாங்க. இவங்களுக்கு ஒத்துக்கலை. தெரியாதா?"

"தெரியுமே" என்றான் கொழுந்தன். "அண்ணிக்குத் தலை சுத்துதுன்னு இவதான் பாதாம் அரைச்சுக் கொடுக்கிறா. அந்தத் தூள் பட்டாலே ஆகாதுன்னு மூக்கைக் கட்டிக்கிட்டு அரைப்பா. அவ கிளாஸ்ல அது எப்படி வந்துச்சு?"

தையல்காரி சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வீடு திரும்பியும் அவன் மனைவியை விடவில்லை. "என்ன பொண்ணு நீ? எது உன் கிளாஸ்னுகூடப் பார்க்க மாட்டியா? உயிர் போயிருந்தா?"

வீங்கிய உதட்டோடு சின்னவள், "நான்தான் அவசரத்துல மாத்தி எடுத்துட்டேன். விடுங்களேன்" என்றாள்.

அது போதும் என்று தையல்காரி வாயை மூடிக்கொண்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தன் பழியைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் திட்டு வாங்குவதை அவளால் பார்க்க முடியவில்லை.

"அவ மாத்தலை. நான் மாத்தினேன்."

"ஏன் அண்ணி?"

"அவ எனக்கு விஷம் வைக்கிறான்னு நினைச்சேன்."

மாமனார்கூட முதல் தரமே கேட்டுவிட்டார். கூடம் அப்படி அடங்கிப் போயிருந்தது. சின்னவள் மெதுவாக, "நானா? எதுக்குக்கா அப்படி நினைச்சீங்க?" என்றாள்.

தையல்காரி எழுந்து போய்த் 'தையல் பாடம்' எடுத்து வந்து அட்டையைக் கழற்றினாள். தன் தோலையே உரிப்பது போலிருந்தது. "ஒரு ராணிக் கதை. இதுல இளைய ராணி பால்ல விஷம் கலக்கிறா. நீ கதை படிச்சதுக்கு உன்னை அத்தனை பேர் முன்னாடி பேசிட்டு, நான் இதை ஒளிச்சு வெச்சுப் படிச்சேன். படிச்சுட்டு உன்னையே சந்தேகப்பட்டேன். எனக்கு உன் முகத்தைப் பார்க்கவே கூசுது."

சின்னவள் புத்தகத்தின் பெயரைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கு குலுங்கென்று குலுங்கியது.

"அழாதேம்மா" என்று தையல்காரி தானும் அழுதாள்.

முகத்தைக் காட்டாமலே சின்னவள் உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது அந்தப் பட்டு ரவிக்கையைப் போட்டிருந்தாள். அளவு அச்சாகப் பொருந்தியிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து அக்காவின் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

இப்படி ஒரு மனசையா சந்தேகப்பட்டோம் என்று தையல்காரிக்கு அதற்குப் பிறகு சோறும் இறங்கவில்லை, கதையும் இறங்கவில்லை. இனி ராணி வாசனையே வேண்டாம் என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

கொடுத்தபின் கால் நகரவில்லை. குனிந்த தலையோடு, "எடுக்கிறதுக்கு இல்லை, சும்மாதான் கேட்கிறேன். அந்த ரெண்டாம் பாகம் வந்துருச்சா?" என்றாள்.

நூலகக்காரர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"அது இத்தனை நாளும் உங்க வீட்லதானேம்மா இருந்துச்சு. மூத்த ராணி தன் கையால தைச்சுக் கொடுத்த பட்டு மார்க்கச்சையில விஷம் இருக்குன்னு படிச்சதுலேருந்து, உங்க வீட்டுச் சின்னம்மாவுக்குப் பயத்துல தூக்கமே இல்லையாமே?"

உங்கள் வீட்டுப் பால் என்றும் திரியாமல் இருக்கட்டும் கண்ணுகளா. கொடுக்கிற கையும் குடிக்கிற வாயும் ஒன்றையொன்று நம்பி, நிறைந்து நன்றாக இருக்கட்டும்.