பாதிக்கப்படாத முள்ளெலி

ஒரு காட்டில், ஏரியைப் பார்த்த சரிவில், பொன்னுரங்கம் என்று ஒரு முள்ளெலி குடியிருந்தது. மனைவி வடிவு, மூன்று குட்டிகள், இரண்டு அறை வளை, மழைக்காலத்துக்கென்று ஒரு பானை நிறைய வறுத்த ஈசல். கடன் எதுவும் கிடையாது. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தின் அடியிலிருக்கும் பொடி எழுத்திலிருந்து வாசிக்கத் தொடங்கும் பழக்கம் உண்டு. அதனால் கல்யாணப் பந்தியில்கூட அதன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். முட்கள் இரண்டாவது காரணம்தான்.

ஒருநாள் அந்தச் சரிவுக்கு ஒரு மயில் வந்தது. வழுவழுப்பான தாளில் அச்சடித்த புத்தகத்தை விரித்து, 'ஏரி தெரியும் சொகுசு வளைகள், ஆளுக்கு நூறு கிழங்கு அட்வான்ஸ்' என்றது. கடைசிப் பக்கம் வந்ததும் தோகையையும் விரித்தது. பார்த்த பிராணிகளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"மண்ணுக்கு அடியில இருந்து ஏரி எப்படிங்க தெரியும்?" என்று கேட்டது பொன்னுரங்கம்.

"சார் கொஞ்சம் பழைய ஆளு போல" என்று மயில் சிரித்தது.

"இருக்கட்டும். அனுமதி வாங்கியாச்சா?"

"ப்ராசஸ்ல இருக்கு சார்."

பக்கத்து வளை முயல் செங்கமலத்துக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அவரு முருகனையே முதுகுல சுமக்கிறவரு. நம்ம கிழங்கைச் சுமக்க மாட்டாரா?"

எல்லாரும் வரிசையில் நின்று கட்டினார்கள். பொன்னுரங்கம் மட்டும் கட்டவில்லை. வடிவு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசியது: "போற வர்ற முயலுக்கெல்லாம் ஏரி தெரியப்போகுது. எனக்கு ஆயுசுக்கும் உங்க முதுகுதான் தெரியும்."

சரிவின் உச்சியில் பூமி பூஜை நடந்தது. காட்டுப்பன்றி தோண்டும் வேலையை எடுத்திருந்தது. எட்டு நாளில் யானை கால் நீட்டிப் படுக்கும் அளவுக்குக் குழி விழுந்தது. ஒன்பதாம் நாள் அடியில் நீர் ஊறியது. பத்தாம் நாள் தவளைகள் குடிபுகுந்தன. அந்தத் திட்டத்திலேயே சொன்ன தேதிக்கு முன்னால் வீடு கிடைத்தது அவற்றுக்கு மட்டும்தான்.

மயில் ஒரு மரத்தில் அறிவிப்பை ஒட்டியது: 'தவிர்க்க இயலாத இயற்கைக் காரணங்களால் திட்டம் கைவிடப்படுகிறது.' அதன் பிறகு அதன் கைப்பேசி தொடர்பு எல்லைக்கு வெளியே போய்விட்டது.

"நல்லவேளை, நீங்க கட்டல" என்றது வடிவு. அன்றைக்குத் தட்டில் ஒரு கை ஈசல் கூடுதலாக விழுந்தது.

நியாயமான கதையாக இருந்தால் இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் குழி மூடப்படாமல் அப்படியே கிடந்தது. மழைக்கு ஒரு மாதம்தான் பாக்கி. குழி நிறைந்து கரை உடைந்தால் முதலில் அடித்துக்கொண்டு போவது நேர் கீழே இருக்கும் பொன்னுரங்கத்தின் வளை. ஆகவே அது காட்டுச் சங்கத்துக்கு ஒரு மனு எழுதியது. வாழ்நாளில் அது செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான்.

சங்கத் தலைவர் யானை கூட்டத்தைக் கூட்டியது. "சரி, யார் மூடுறது?"

"என் ஒப்பந்தம் தோண்டுறதுக்கு மட்டும்தான். மூடுறதுக்குத் தனி ரேட்டு" என்றது பன்றி.

"கிழங்கையும் குடுத்துட்டு மண்ணும் அள்ளணுமா? இது எந்த ஊரு நியாயம்?" என்று செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

கூட்டத்துக்கு மயிலும் வந்திருந்தது. தோகையில் நாலு இறகு குறைந்திருந்தது. "மன உளைச்சல்ல உதிர்ந்துடுச்சு. இதுல என்னைவிட அதிகமா இழந்தவங்க யாரு, சொல்லுங்க" என்று தழுதழுத்தது. கூட்டமே 'த்சொ த்சொ' என்றது. செங்கமலம் ஓடிப்போய் அதற்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.

யானை நெடுநேரம் காதை ஆட்டி யோசித்தது. "நொந்துபோனவங்க தலையில செலவைக் கட்டுறது பாவம். முதல்ல பாதிக்கப்பட்டவங்களைப் பதிவு பண்ணிடுவோம்."

மறுநாள் பலா மரத்தடியில் மேசை போட்டார்கள். பிடித்ததை விடாத ஓர் உடும்பு படிவங்களோடு உட்கார்ந்தது. பகலெல்லாம் தூங்கவேண்டிய பொன்னுரங்கம், கொட்டாவி விட்டுக்கொண்டு காலையிலிருந்து வரிசையில் நின்றது. அதற்கு முன்னால் மயில் நின்றது. பாக்கிக் கூலி வரவில்லை என்று பன்றி நின்றது. குழியை மூடினால் போக இடமில்லை என்று தவளைகளும் நின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கிடைத்தது.

"ரசீது?" என்றது உடும்பு.

"எதுக்குங்க?"

"அட்வான்ஸ் கட்டினதுக்கு."

"நான் கட்டவே இல்லீங்களே."

"அப்புறம் எப்படிப் பாதிக்கப்பட்டீங்க?"

"இன்னும் படல. மழை வந்தா என் வீடு போயிரும்."

"அப்ப மழை வந்தப்புறம் வாங்க. அதுக்கு வேற படிவம். அடுத்து யாருப்பா?"

சாயங்காலம் பட்டியல் ஒட்டப்பட்டது. 'பாதிக்கப்பட்டோர்' என்ற தலைப்பின் கீழ் காடே இருந்தது. அதற்கும் கீழே ஒரே ஒரு வரி: 'பாதிக்கப்படாதோர் (குழி மூடும் செலவு இவர்கள் பொறுப்பு): பொன்னுரங்கம்.'

"உங்களை மாதிரி விவரமானவங்க இருக்கிறதாலதான் இந்தக் காடே தாங்குது" என்று யானை அதன் தோளில் தும்பிக்கையை வைத்து, முள் குத்தியதும் எடுத்துக்கொண்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"நான் தோண்டச் சொல்லவே இல்லையே!" என்றது பொன்னுரங்கம்.

"அதைத்தானே நானும் சொல்றேன்? சொன்னவங்க எல்லாம் எப்படி நொந்துபோயிருக்காங்க, பாருங்க."

"உங்களுக்கென்னண்ணே, நீங்க தப்பிச்சுட்டீங்க" என்றது செங்கமலம். அதில் கள்ளம் துளியும் இல்லை.

மேற்கு மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. முடியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் வீடு போய்விடும். பொன்னுரங்கம் வீட்டுக்குப் போய் ஈசல் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தது. பன்றி ஒன்றைக் கடித்துப் பார்த்து, "நல்லா வறுத்திருக்கீங்க" என்று பாராட்டிவிட்டு, மூன்றே நாளில் குழியை மூடியது. பானையை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்தது. தவளைகளுக்கு மாற்றிடம் கிடைக்கும்வரை பொன்னுரங்கத்தின் முன்னறையை ஒதுக்கச் சங்கம் தீர்மானம் போட்டது.

மழை வந்தது. வளைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஈசலும் ஒன்றுகூட இல்லை. குட்டிகள் வேரைச் சப்பிக்கொண்டிருந்தன. முன்னறையில் தவளைகள் கச்சேரி வைத்துக்கொண்டிருந்தன.

மழையின் ஐந்தாம் நாள் மயில் மறுபடி வந்தது. புதுப் புத்தகம்: 'மலை தெரியும் சொகுசு வளைகள்.' அது முதல் பக்கத்தைத் திருப்புவதற்குள் பொன்னுரங்கம் குடும்பத்தோடு கொட்டும் மழையில் ஓடிப்போய் வரிசையில் முதல் ஆளாக நின்றது.

"சார், இந்தத் தடவை மலை எப்படித் தெரியும்னா..." என்று மயில் ஆரம்பித்தது.

"அது தெரியாட்டிப் பரவாயில்லை" என்றது பொன்னுரங்கம்.

வடிவு காலிப் பானையை அட்வான்ஸாக நீட்டியது. "இதை வெச்சுக்குங்க. ரசீதுல இவரு பேரைக் கொஞ்சம் பெருசா எழுதுங்க."

நீதி: ஏமாறுகிறவருக்கு அவர் பங்கு நஷ்டம் மட்டுமே, மிச்சத்தையெல்லாம் ஏமாறாதவரே ஏற்க வேண்டும். ஆகவே புத்திசாலிகள் முன்கூட்டியே ஏமாந்து, ரசீதைப் பத்திரப்படுத்திக்கொள்ளவும்.