பருந்து செய்த உபகாரம்

சிகந்தராபாத்தில், நிஜாம் ரயில்வேயின் லாலாகுடா பட்டறையில் டைம்கீப்பராக இருந்த ஜெகநாதன் ஒரு கோடையில் மகத்தான தீர்மானம் ஒன்று செய்தார். இந்த வருஷம் மனைவி கனகவல்லியைப் பெரம்பூரில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்கு அனுப்புவதில்லை. அதை அவளிடம் சொல்வதில்லை என்பது இரண்டாவது தீர்மானம். முதலாவதைவிட இதில்தான் அவர் உறுதியாக இருந்தார்.

ரயில்வேக்காரர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஒரு இலவச ரயில் பாஸ். அதை வீணாக்குவது பாவம் என்பது காலனிப் பெண்களின் மதம். சித்திரை பிறந்தால் கனகவல்லி மூட்டை கட்டிவிடுவாள். அக்கா வீடு நிறையப் பிள்ளைகள். இங்கே ஒன்றுகூட இல்லை. அவள் போனபின் ஜெகநாதன் பட்டறையிலிருந்து வந்து பூட்டைத் திறப்பார். ஏதாவது சத்தம் கேட்கட்டுமே என்று வேண்டுமென்றே ஒரு டம்ளரைக் கீழே போடுவார். அது உருண்டு நின்றதும் வீடு இன்னும் பெரிதாகிவிடும். தனிமை அவரைத் தின்றது. அதற்காக, "போகாதே" என்று பெண்டாட்டியிடம் கெஞ்சுவதா? அவர் வம்சத்தில் அப்படி ஓர் ஆண்பிள்ளை பிறந்ததில்லை.

கனகவல்லியைக் கட்டிப்போடக்கூடியவை உலகத்தில் அவள் கோழிகள் மட்டும்தான். புருஷனைத் தனியே விட்டுப் போவாள். குஞ்சுகளைப் பருந்துக்கு விட்டுப் போகமாட்டாள்.

அவள் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, குஞ்சுகளை மூடியிருந்த மூங்கில் கூடையை ஜெகநாதன் தூக்கிவிட்டார். லோகோ ஷெட்டுக்கு அடுத்த வீடு. கொல்லை முழுக்கக் கரித்தூள். அந்தக் கறுப்புத் தரையில் மஞ்சள் குஞ்சுகள் பளிச்சென்று தெரிந்தன. பருந்துக்கு அன்று கல்யாணச் சாப்பாடு.

"என்னாங்க, கூடை எப்படிச் சாய்ஞ்சது?"

"காத்து."

"ஒரு இலைகூட அசையலியே?"

"கூடைக்கு மட்டும் அடிச்சிருக்கும்."

கனகவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஊருக்குப் போகவில்லை. பாஸ் பெட்டியிலேயே காலாவதியானது. அந்தக் கோடை முழுக்க அடுக்களையில் வளையல் சத்தம் கேட்டது. அதுவே போதும் என்றிருந்தது அவருக்கு. அடிக்கடி ஆம்லெட் வேறு போட்டுக் கொடுத்தாள். அதை அன்பு என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த கோடையிலும் காற்று அடித்தது. அப்போதும் அவள் போகவில்லை.

மூன்றாவது கோடையில் கூடையைத் தூக்கிவிட்டுக் கதவிடுக்கில் நின்றார். வெளியே வந்தவை எல்லாம் கறுப்பு. வானத்தில் நிழல் தெரிந்ததும் தாய்க்கோழி ஒரு குரல்தான் கொடுத்தது. குஞ்சுகள் கரித்தூளோடு கரித்தூளாகப் படுத்துக்கொண்டன. பருந்து வட்டமடித்து வட்டமடித்து, அலுத்துப்போய் வேறு தெருவுக்குப் போனது. ஜெகநாதனே இறங்கித் தேடிப் பார்த்தார். அவர் கண்ணுக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

மதில் ஓரமாக ஜேம்ஸ் நின்றிருந்தார். பட்டறை டிராயிங் ஆபீஸ்காரர், புஸ்தகப் பித்து.

"ஜேம்ஸ், இதுங்களுக்கு ஒளியுறதுக்கு யாருப்பா சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லித் தரல. பளிச்னு தெரிஞ்சது, தாய் கூப்பிட்டும் நின்னு வேடிக்கை பார்த்தது, எல்லாம் பருந்து வயித்துக்குப் போச்சு. மிஞ்சினதுதானே வளர்ந்து முட்டை போடும்? தாய்கிட்ட இருக்கிறது குஞ்சுக்கும் பெரும்பாலும் வரும். அதுலயும் ஏமாந்ததைப் பருந்து எடுத்துடும். இப்படியே கூட்டம் மாறிக்கிட்டு வருது."

"கறுப்பாகணும்னு குஞ்சு ஆசைப்பட்டுதா?"

"குஞ்சு ஆசைப்பட்டு என்ன ஆகும்? பொறக்கறது பல தினுசு. அந்த இடத்துக்கு ஒத்துவந்தது பிழைக்குது. உலகத்துல இருக்கிற உயிரெல்லாம் இப்படித்தான் கோடி வருஷமா மாறி வந்துதாம்."

"கோடி வருஷமா?"

"ஹவ், ஆமா. கூடையைத் தூக்கிவிட ஆள் இருந்தா சீக்கிரம் ஆகும்."

ஜெகநாதன் உள்ளே வந்தார். கனகவல்லி டிரங்குப் பெட்டியில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"பெரம்பூருக்கு. நாளைக்குப் பாஸ் வாங்கிட்டு வந்துடுங்க."

"குஞ்சுங்க?"

"அதுங்களுக்கு இனிமே பயமில்ல. நீங்க கூடையைத் தூக்கிவிடறதைக் குழாயடியிலிருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"பார்த்துட்டுமா சும்மா இருந்தே?"

"மொத தடவை வயிறு எரிஞ்சுது. அப்புறம் பார்த்தா, மிஞ்சினது அத்தனையும் கெட்டிக்காரக் குஞ்சு. சரி, நம்மளும் கூட ஒரு கை கொடுப்போம்னு, கறுப்புக் கோழி முட்டையை மட்டும் அடை வெச்சேன். வெள்ளைக் கோழி முட்டையெல்லாம் உங்களுக்கு ஆம்லெட்."

இரண்டு வருஷ அன்பு எதுவென்று ஜெகநாதனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஒரு மாசத்துல வந்துடுவே இல்ல?"

"முன்னெல்லாம் குஞ்சு நெனப்புல ஓடி வருவேன். இப்ப என்ன அவசரம்? ஆடி கழிச்சு வர்றேன்."

சிகந்தராபாத் ஸ்டேஷனில் வண்டி புறப்படும் நேரம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெகநாதன் வம்ச மானத்தைக் காற்றில் விட்டார்.

"வல்லி, நீ இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியல."

கனகவல்லி ஜன்னல் பக்கம் குனிந்தாள். அவள் கண் கலங்கியதுபோல்கூட இருந்தது.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் பெரம்பூர்ப் பேச்சே எடுத்திருக்க மாட்டேன். அந்தக் குஞ்சுங்களும் பாவம், தப்பிச்சிருக்கும்."

வண்டி நகர்ந்தது. அவர் கூடவே ஓடினார்.

"அப்போ எனக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போ."

"சொல்லாமலா போவேன்? பக்கத்து வீட்டு பாமாகிட்ட சொல்லியிருக்கேன். கோழிங்களுக்குத் தீனி போட வரும்போது, உங்களுக்கும் ஒரு வாய் போட்டுட்டுப் போவா."