பிரெஞ்சுக்காரருக்கு ரேங்க் ஏற்றியவர்

உலகத்தில் எந்தப் பேராசிரியருக்கும் ரேங்கு அண்ணனைப்போல ஒரு தொண்டன் வாய்த்திருக்க மாட்டான். பாரிசில் இருந்த அந்த மனிதருக்கு இது தெரியவே தெரியாது.

தேங்காய்ப்பட்டணத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலம். அண்ணன் மீன்பெட்டிகளுக்கு ஐஸ் உடைப்பவர். கைலி சொட்டச் சொட்ட வந்து உட்காருவார். என் நாற்காலி ஒருநாளும் காய்ந்ததில்லை.

அவர் தம்பி ஓர் அரபு நாட்டுக்கு மீன்பிடிக்கப் போய், படகு எல்லை தாண்டியதென்று ஜெயிலில் கிடந்தான். அண்ணன் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எல்லாரும் மனுவை வாங்கினார்கள். வாங்குவதற்கென்ன, கை இருந்தால் போதும்.

அந்த நாட்டு அரசியலைப் பற்றி எழுதுகிற, அரபி தெரிந்த ஒரு பிரெஞ்சுப் பேராசிரியரை இணையத்தில் தேடிப் பிடித்து மெயில் போட்டோம். விசாரிக்கிறேன் என்று பதில் வந்தது. அண்ணனுக்கு வந்த முதல் பதில் அதுதான்.

பிறகுதான் அந்தத் தளம் கண்ணில் பட்டது. யார் பக்கத்தை அதிகம் பேர் திறக்கிறார்கள் என்று பார்த்து, உலகத்து ஆட்களையெல்லாம் வரிசைப்படுத்துகிற பைத்தியக்காரத் தளம். பேராசிரியர் அடியில் கிடந்தார். அவருக்கு நேர் மேலே ஏதோ ஒரு நாட்டில் மேடையில் நடனமாடுகிற ஆட்டக்காரி.

"சிபாரிசுக்குப் போறவன் பெரிய ஆளா இருக்கண்டாமா மக்கா? இப்பிடிக் கெடந்தா இவருக்க பேச்ச எந்த ராஜா கேப்பான்?"

அன்றிலிருந்து என் கடைக்குள் வருகிறவன் முதலில் பிரெஞ்சுக்காரரைத் திறந்தாக வேண்டும். ஹால்டிக்கெட் எடுக்க வந்த பெண்கள், விசா பார்க்க வந்தவர்கள், திருட்டுத்தனமாகப் படம் பார்க்க வந்தவன்கள், ஒருவரும் தப்பவில்லை. மறுத்தால் ஐஸ் உடைக்கிற கட்டையோடு வாசலில் நிற்பார். ஊரே அவரை ரேங்கு என்று கூப்பிட ஆரம்பித்தது. பேராசிரியரின் ரேங்க் உயர வேண்டுமென்று மாதா கோயிலில் பூசையும் ஒப்புக்கொடுத்தார். பூசையில் சாமியார் அந்த வேண்டுதலை வாசித்ததும், யாருக்கோ தீராத நோய் என்று கிழவிகள் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். ரேங்க் மட்டும் அசையவில்லை.

ஒருநாள் திடீரென்று எகிறியது. ஆட்டக்காரியைத் தாண்டி எங்கோ போய்விட்டது. அண்ணன் மீன் ஏலம் போடுகிற இடம் முழுக்க மிட்டாய் கொடுத்தார். காரணத்தை நான்தான் பார்த்தேன். தம்பி இருந்த நாட்டில் சண்டை. அதுவரை அங்கே எவன் செத்தாலும் திரும்பிப் பார்க்காத டிவிக்காரன்களுக்கு, குண்டு விழுந்த பிறகு பேராசிரியர் தேவைப்பட்டார். தம்பியிடமிருந்து எப்போதாவது வந்துகொண்டிருந்த போனும் நின்றுபோயிருந்தது.

சொன்னேன். அண்ணன் வாயிலிருந்த மிட்டாயைத் துப்பினார். உட்கார்ந்து ஆட்டக்காரியின் பக்கத்தைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"என்னண்ணே செய்யுதிய?"

"அவள ஏத்தி இவர கீழ எறக்கணும்லே. இவரு கீழ போனாத்தான் அங்க சண்ட நிக்கும்."

நான் சிரிக்கவில்லை. எந்த அரசாங்கமும் அதைவிட உருப்படியான யோசனையைச் சொல்லவில்லை.

தம்பி வரவில்லை. இருக்கிறானா இல்லையா என்றுகூடச் சொல்ல நாதியில்லை. என் கடையும் போனது. அண்ணன் இன்னும் ஐஸ்தான் உடைக்கிறார். போன வாரம் கண்டபோது, வேலையை நிறுத்தாமலே கேட்டார்.

"ஆட்டக்காரி எப்பிடி இருக்கா மக்கா?"

"மேலதான் இருக்கா அண்ணே" என்றேன்.

தினமும் காலையில் எழுந்ததும் செல்போனில் அவளை நான் திறந்துவிடுகிறேனே.