லிஃப்ட்காரரின் முப்பது பேர்

முப்பது பேர் வேண்டும். லிஃப்ட்காரரின் கையில் இருந்தது மனைவி ஒருத்திதான். அவளும் டீ போட மட்டும் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல," என்றாள்.

"இருந்திருக்கலாம். ஆனா இருக்க முடியலையே."

விஷயம் இதுதான். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் மைக்கைப் பிடித்து, "இந்த முஸ்லிம்களுக்கு இயேசுன்னாலே ஆகாது, அவர் பேரைக்கூடச் சொல்ல மாட்டாங்க," என்று ஒரு போடு போட்டார். பாடகர் குழு பெஞ்சிலிருந்து லிஃப்ட்காரர் எழுந்து, "தப்பு," என்றார். சபையே திரும்பிப் பார்த்தது.

ஒன்பது வருடமாக அவரும் ஒரு முஸ்லிம் கூட்டாளியும் சேர்ந்துதான் லிஃப்ட் பழுது பார்க்கிறார்கள். ஒருவர் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நிற்பார், மற்றவர் கீழே சுவிட்சைப் பிடித்திருப்பார். சுவிட்சைப் பிடித்தவர் ஒரு நொடி கண் அயர்ந்தால் மேலே நிற்பவர் கதை முடிந்தது. அப்படித் தன் உயிரைத் தினமும் காப்பாற்றுகிறவனைப் பற்றி ஒருவர் கதை அளக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க லிஃப்ட்காரருக்கு வரவில்லை.

"அவ்வளவு தெரிஞ்சவர்னா நீங்களே பாடம் எடுங்க," என்றார் செயலாளர். "சனிக்கிழமை நாலு மணி, பின்பக்க ஹால். மேடையில வெளியாள் யாரும் ஏறக் கூடாது. முப்பது பேர் உட்கார்ந்திருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் இந்தப் பேச்சை இனி இங்க எடுக்கக் கூடாது. பாடகர் குழுவையும் விட்டுடணும்."

இருபத்திரண்டு வருடமாக அந்தக் குழுவில் பாடுகிறவர் அவர். நியாயமாகப் பார்த்தால் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"முப்பது என்ன, அதுக்கு மேலயே வருவாங்க," என்றார்.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார். 'நம் அண்டை வீட்டார் என்ன நம்புகிறார்கள்? அறிவோம், வாருங்கள்.' செவ்வாய்க்கிழமை அதன்மேல் தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. இவர் தம்முடையதைத் தொட்டி அறிவிப்பின்மேல் ஒட்டினார். புதன்கிழமை பலகையையே காணோம். வண்ணம் பூசக் கழற்றியிருக்கிறதாம்.

சரி, நேரில் போய் அழைப்போம் என்று கிளம்பினார். அந்தச் சபையில் காலையும் மாலையும் தனித்தனி ஆராதனை. காலைக்காரர்களுக்கும் மாலைக்காரர்களுக்கும் முகப் பழக்கம்கூடக் கிடையாது. லிஃப்ட்காரரும் செயலாளரும் காலைக்காரர்கள். காலைக்காரர்கள் தயங்கியபோது, "மாலைக்காரங்க மொத்தமா வர்றாங்க," என்று ஆசை காட்டினார். மாலைக்காரர்களிடம் போய், "காலைக்காரங்க மொத்தமா வர்றாங்க," என்றார்.

"அப்போ ஹால் நிறைஞ்சிடுமே. பாவம், இடம் இல்லாம யாராவது நிக்கப் போறாங்க. நாங்க அடுத்த தடவை வர்றோம்," என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பெரிய மனது பண்ணிவிட்டார்கள். பாடகர் குழுவையாவது இழுக்கலாம் என்று பார்த்தால், சனிக்கிழமை நாலு மணிக்கே அவர்களுக்குப் பாட்டுப் பயிற்சி வைத்துவிட்டிருந்தார் செயலாளர்.

இதற்கு நடுவே பாடமும் படிக்க வேண்டியிருந்தது. லிஃப்ட் கூண்டின் மேல் நின்றுகொண்டு இவர் கேட்க, கீழேயிருந்து கூட்டாளி சொல்லச் சொல்ல, கிரீஸ் கையோடு குறிப்பு எழுதினார். வெள்ளிக்கிழமை எடுத்துப் பார்த்தால் பாதி எழுத்து கிரீஸில் கரைந்திருந்தது.

"நான் வேணா வந்து பின்னாடி உட்காரட்டுமாண்ணே?" என்றான் கூட்டாளி.

"நீ வந்தா வெளியாளைக் கூட்டிட்டு வந்துட்டேன்னு மொத்தத்தையும் ரத்து பண்ணிடுவாரு. உன்னை அவருக்குத் தெரியும். தயவு செஞ்சு வராதே."

"சரிண்ணே. நான் வரலை."

"யாருமே வராட்டியும் நாற்காலிக்குப் பாடம் எடுப்பேன். அப்புறம்தான் குழுவை விட்டு இறங்குவேன்."

கூட்டாளி சுவிட்சைத் தட்டினான். லிஃப்ட் மேலே போனது.

சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு ஹாலில் நாற்பது நாற்காலியும் ஒரு செயலாளரும் இருந்தார்கள். எண்ணுவதற்காகவே முன் வரிசையில் இடம் பிடித்திருந்தார். தப்பு கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ள ஒரு புது நோட்டும் மடியில் இருந்தது.

மூன்று ஐம்பதுக்கு இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஐந்து பேர். பிறகு வாசலில் செருப்புகள் வரிசை கட்ட ஆரம்பித்தன. லிஃப்ட்காரருக்குத் தம் கண்ணையே நம்ப முடியவில்லை. பெண்கள் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டபடி ஒருபக்கமாய் உட்கார்ந்தார்கள்.

"மாலைக்காரங்க போல," என்று செயலாளர் டீ மேசையருகே நின்ற லிஃப்ட்காரரின் மனைவியிடம் முணுமுணுத்தார். "என்ன அடக்கம் பாருங்க. நம்ம காலைக்காரங்க செருப்போடயே உள்ள வருவாங்க."

எண்ணினார். முப்பத்தி நான்கு. மறுபடி எண்ணினார். அப்போதும் முப்பத்தி நான்குதான்.

லிஃப்ட்காரருக்கு எங்கிருந்து தெம்பு வந்ததோ, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "முஸ்லிம்களுக்கு முக்கியமான கடமை அஞ்சு. நம்பிக்கை, தொழுகை, நோன்பு..." மீதி இரண்டும் கிரீஸுக்குள் போயிருந்தன. "நோன்புல பகல் முழுக்க சாப்பிட மாட்டாங்க, தண்ணி மட்டும் குடிச்சுக்கலாம்."

மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் நெளிந்தார். "சும்மா ஒரு சந்தேகம் தம்பி. தண்ணியும் கூடாதுன்னு கேள்விப்பட்ட ஞாபகம்."

"ஆமா, கூடாது. சரியாச் சொன்னீங்க."

"ஏழைகளுக்குக் கொடுக்கிறதும், வசதி இருந்தா ஹஜ் போறதும் அந்த அஞ்சுலதானே வரும்?" என்று ஓர் அம்மாள் கேட்டார்.

"அதைத்தான் சொல்ல வந்தேன்."

செயலாளருக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் சரி. அவங்க முகமது நபியைத்தானே கும்பிடுறாங்க?"

ஹால் முழுவதும் நாற்காலிகள் கிறீச்சிட்டன. இதற்குக் குறிப்பே தேவைப்படவில்லை லிஃப்ட்காரருக்கு. "இல்லைங்க ஐயா. படைச்ச ஒருத்தனைத் தவிர யாரையும் கும்பிட மாட்டாங்க. அவர் இறைத்தூதர், அவ்வளவுதான். நீங்க அன்னைக்கு மைக்ல சொன்னதும் தப்பு. இயேசுவை ஈசா நபின்னு மரியாதையாச் சொல்லுவாங்க. அவரைக் கடவுளோட மகன்னு ஏத்துக்க மாட்டாங்க, அங்கதான் நமக்கும் அவங்களுக்கும் வித்தியாசம். ஆனா அவரோட அம்மா பேர்ல குர்ஆன்ல ஒரு அத்தியாயமே இருக்கு. இதை நீங்க குழுவை விட்டு அனுப்பினாலும் சொல்லுவேன், தெருவுல நின்னும் சொல்லுவேன்."

மூன்றாம் வரிசைப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா பேர்லயா?" என்றார் செயலாளர். "என்ன சொல்லியிருக்கு அதுல?"

தெரிந்ததை லிஃப்ட்காரர் சொன்னார். தெரியாததை யாராவது ஒருவர் சந்தேகமாகக் கேட்டு எடுத்துக் கொடுத்தார்கள். நாற்பது நிமிடப் பாடம் ஒன்றரை மணி நேரம் ஓடியது. தப்புக் கண்டுபிடிக்க வந்த நோட்டில் செயலாளர் பதினோரு பக்கம் எழுதிவிட்டார்.

முடிந்ததும் அவர் லிஃப்ட்காரரிடம் வந்தார். முகம் கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது. "குழுவுல இருங்க. அன்னைக்கு நான் சொன்னது தப்புன்னு நாளைக்கு மைக்லயே சொல்லிடறேன்." போனவர் திரும்பினார். "அடுத்த வகுப்பு எப்போ?"

லிஃப்ட்காரர் 'பார்த்தியா?' என்பதுபோல் மனைவியைப் பார்த்தார். பிறகு வாசலுக்கு ஓடி, செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எல்லாம் வரலைன்னா என் மானமே போயிருக்கும்யா. மாலை ஆராதனைக்காரங்க இவ்வளவு விவரமானவங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

"நாங்க பக்கத்துத் தெருப் பள்ளிவாசல் தம்பி, முப்பத்தி நாலு பேரும். உங்க கூட்டாளி சொல்லித்தான் வந்தோம்," என்றார் பெரியவர். "உங்க சபையிலேர்ந்து பாடம் கேக்க வந்தது முன்னாடி உட்கார்ந்திருந்தாரே, அவர் ஒருத்தர்தான்."